வண்டி நிற்கும் நேரமும் பேட்டரியின் வயதும்

பெட்ரோல் பங்க்கில் ஒரு காரின் டேங்க் நிரம்ப இரண்டு நிமிடம்கூட ஆவதில்லை. அந்த வேகத்தை மின்சாரக் கணக்கில் எழுதிப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். நிமிடத்துக்கு 35 லிட்டர் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 9 யூனிட். அப்படியானால் நிமிடத்துக்கு 315 யூனிட், அதாவது ஏறக்குறைய 19 மெகாவாட். 2 மெகாவாட் காற்றாலைகள் பத்து முழு வீச்சில் சுழன்றால் கிடைக்கும் திறன், ஒரு ரப்பர் குழாய் வழியே வண்டிக்குள் போகிறது.

அதில் முக்கால்வாசியை எஞ்சின் வெப்பமாக வீணடித்துவிடும் என்பது உண்மை. மின்மோட்டார் அப்படி வீணடிக்காது. அந்தச் சலுகையைக் கழித்த பிறகும், பெட்ரோலுக்கு இணையான வேகத்தில் ஒரு காருக்கு சார்ஜ் போட நான்கைந்து மெகாவாட் வேண்டும். சீனாவின் பிஒய்டி நிறுவனம் 2025 மார்ச்சில் அறிவித்த சார்ஜர், 1 மெகாவாட் திறனில் ஐந்து நிமிடத்தில் 400 கிலோமீட்டருக்கான மின்சாரத்தை ஏற்றும் என்றது. உலகமே வாய்பிளந்து பார்த்தது. அதுவும் பெட்ரோல் குழாயின் வேகத்துக்கு வெகு கீழேதான்.

ஆகவே, ‘பெட்ரோல் போடுகிற மாதிரி சார்ஜ் போட முடியுமா?’ என்று கேட்டால் மின்வண்டி எப்போதும் தோற்கும். ஆனால், நம் சொந்த வண்டி ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது? பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு மணி நேரம். மிச்சம் 22 மணி நேரம் அது எங்கோ சும்மா நிற்கிறது. நிற்கிற இடத்தில் ஒரு பிளக் இருந்தால் போதும், சார்ஜ் ஏற எத்தனை நேரம் ஆகிறது என்ற கேள்விக்கே அவசியமில்லாமல் போகும். நிற்க நேரமில்லாத வண்டிக்கும், நிற்கும் இடத்தில் பிளக் இல்லாத வண்டிக்கும்தான் அந்தக் கேள்வி. பேட்டரியையே கழற்றி மாற்றும் ஸ்வாப்பிங் முறைக்கு இடம் கிடைப்பதும் அங்கேதான்.

வீட்டுச் சாக்கெட்டின் கணக்கு

ஏசிக்கும் கீசருக்கும் வைக்கிற 15 ஆம்ப் சாக்கெட்டில் சுமார் 3.3 கிலோவாட் எடுக்கலாம். 45 யூனிட் பேட்டரி உள்ள ஒரு கார் 20 சதவீதத்தில் வீடு வந்து சேர்ந்தால், அதை முழுதாக நிரப்ப 36 யூனிட் தேவை. வழியில் வெப்பமாகப் போவதையும் சேர்த்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கேட்பவர்கள் இந்த இடத்தில்தான் பின்வாங்குகிறார்கள். ஆனால், யாரும் தினமும் காலி பேட்டரியோடு வீடு திரும்புவதில்லை. நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டுபவருக்குச் சுமார் 6 யூனிட் போதும், சாக்கெட்டில் இரண்டு மணி நேரம். ஸ்கூட்டருக்கு இன்னும் எளிது: 30 கிலோமீட்டருக்கு ஒரு யூனிட்.

தமிழ்நாட்டில் மின்கணக்கீடு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஸ்கூட்டரால் அந்தக் கணக்கில் ஏறுவது 60 யூனிட் அளவு. கார் என்றால் 360 யூனிட் ஏறும். ஏற்கெனவே 300 யூனிட் செலவாகும் வீடு அதனால் 500-ஐத் தாண்டும். தாண்டியதும் கட்டண அடுக்கே மாறிவிடும். கிலோமீட்டருக்கு எத்தனை பைசா என்று விளம்பரம் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தங்கள் வீட்டு மின்அட்டையைத்தான்.

அடுத்தது வயரிங். கீசர் பத்து நிமிடம் ஓடி அணைந்துவிடும். கார் சார்ஜர் இரவு முழுக்க 14, 15 ஆம்பியரை விடாமல் இழுக்கும். தளர்ந்த சாக்கெட்டின் துளைகள் ஓரம் பழுப்பேறி உருகுவது இதனால்தான். மீட்டர் பலகையிலிருந்து தனியாக ஒரு செம்பு வயர், மின்னோட்டம் மிகுந்தால் துண்டிக்க அதற்கென ஒரு எம்சிபி, மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் ஆர்சிசிபி, தரமான சாக்கெட். இவ்வளவும் சேர்ந்தாலும் வண்டி விலையில் சிறு துளி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. மழைக்குத் தண்ணீர் தேங்கும் பகுதி என்றால் சாக்கெட்டும் சார்ஜரும் வெள்ளக்கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும்.

புதுக் கார் வாங்கியவர்கள் முதல் நாளே சந்திக்கும் சிக்கல் ஒன்று உண்டு. பிளக்கைச் செருகியதும் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரியும், ஏறாது. வண்டியில் கோளாறு என்று ஷோரூமுக்கு போன் போகும். பெரும்பாலும் கோளாறு எர்த்தில் இருக்கும். எர்த் குழியில் ஈரம் வற்றிப்போயிருக்கும், இல்லாவிட்டால் எர்த் கம்பி சாக்கெட்டின் பின்புறம் இணைக்கப்படாமலே தொங்கும். அந்த வீட்டில் ஃபிரிட்ஜும் மிக்ஸியும் இத்தனை வருடம் அப்படியேதான் ஓடியிருக்கும். கார் சார்ஜர் மட்டும் எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் மின்சாரத்தை உள்ளே விடும். இந்தச் சோதனையை ஏமாற்றக் குறுக்குவழி சொல்லும் எலக்ட்ரீஷியன்களும் இருக்கிறார்கள். ஏமாறுவது சார்ஜர், ஷாக் அடிப்பது வண்டியைத் தொடும் குழந்தைக்கு.

2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு அடுத்தடுத்து நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகுதான் பேட்டரிகளுக்கான ஏஐஎஸ்-156 விதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. விதிகள் இறுகினாலும் ஒரு பழக்கத்தை விடாமல் வைத்துக்கொள்ளலாம்: வீட்டின் ஒரே வாசலை மறித்தபடி வண்டியை நிறுத்தி சார்ஜ் போடுவதில்லை என்பது.

கடைசி இருபது சதவீதம்

சாலையோரச் சார்ஜர்களில் எழுதியிருக்கும் கிலோவாட் எண் பலரை ஏமாற்றும். மின்கம்பி கொண்டுவருவது ஏசி எனும் மாறுமின்னோட்டம், பேட்டரி வாங்கிக்கொள்வது டிசி எனும் நேர்மின்னோட்டம். ஏசியை டிசியாக மாற்றும் பெட்டி காருக்குள்ளேயே இருக்கிறது. அதன் திறன் 3.3 கிலோவாட் என்றால், 22 கிலோவாட் ஏசி சார்ஜரில் போய் மாட்டினாலும் ஏறுவது 3.3 தான். டிசி வேகச் சார்ஜரில் அந்த மாற்றும் வேலை வெளியே, அலமாரி அளவுள்ள பெட்டிக்குள் நடந்துவிடும். காருக்குள் இருக்கும் பெட்டியைச் சுற்றிக்கொண்டு மின்சாரம் நேரே பேட்டரிக்குப் போகும். அங்கேயும் கார் வாங்கிக்கொள்ளும் உச்ச அளவு 50 கிலோவாட் என்றால் 120 கிலோவாட் சார்ஜரால் கூடுதல் பயன் இல்லை. ஒரே சார்ஜரில், வண்டியில் செருகும் ‘கன்’ இரண்டு இருந்து, இரண்டிலும் வண்டி நின்றால் திறன் பாதியாகப் பிரிவதும் உண்டு.

இதற்கெல்லாம் மேலே பேட்டரியின் வேதியியல் விதிக்கும் வரம்பு ஒன்று இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் எதிர்மின்முனைக்கு வந்து, அங்குள்ள கிராஃபைட் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து அமர்கின்றன. காலி இடம் நிறைய இருக்கும்வரை வேகமாக வந்தாலும் புகுந்துகொள்ளும். இடம் குறையக் குறைய உள்ளே நகர நேரம் பிடிக்கும். அப்போதும் மின்னோட்டத்தை வலிந்து செலுத்தினால், உள்ளே போக முடியாத லித்தியம் கிராஃபைட்டின் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியும். படிந்ததில் பெரும்பகுதி மறுபடி வேலைக்கு வராது, பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். படிவு ஊசிபோல் வளர்ந்து இரு முனைகளையும் பிரிக்கும் மெல்லிய படலத்தைத் துளைத்தால் உள்ளேயே ஷார்ட் சர்க்யூட்.

இதைத் தடுக்கத்தான் பேட்டரியைக் கண்காணிக்கும் பிஎம்எஸ், செல்லின் மின்னழுத்தம் அதன் மேல் வரம்பைத் தொட்டதும் மின்னோட்டத்தைப் படிப்படியாக இறக்குகிறது. நிக்கல் வகைச் செல்லுக்கு அந்த வரம்பு 4.2 வோல்ட், எல்எஃப்பி எனப்படும் இரும்பு பாஸ்பேட் வகைக்கு 3.65 வோல்ட். வெப்பமும் சேர்ந்துகொள்ளும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் உள்தடையில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்கு. சித்திரை வெயிலில் மூன்று மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓடி வந்த காரை உடனே வேகச் சார்ஜரில் மாட்டினால், பிஎம்எஸ் முதலில் குளிர்விப்பானைத்தான் ஓடவிடும்.

நெடுஞ்சாலைப் பயணத்தை இதை வைத்துத் திட்டமிடலாம். 60 கிலோவாட் சார்ஜரில் 45 யூனிட் கார் 20-லிருந்து 80 சதவீதத்துக்கு வர நாற்பது நிமிடம் ஆகலாம். 80-லிருந்து 100-க்குப் போக ஏறக்குறைய அதே நேரம் பிடிக்கும், கிடைப்பதோ மூன்றில் ஒரு பங்கு மின்சாரம். சென்னையிலிருந்து மதுரை 460 கிலோமீட்டர். நெடுஞ்சாலை வேகத்தில் 300 கிலோமீட்டர் தரும் காருக்கு, ஓரிடத்தில் உட்கார்ந்து நூறு வரை நிரப்புவதைவிட விழுப்புரத்தருகே அரை மணி, திருச்சியைத் தாண்டி அரை மணி என்று பிரித்துக்கொள்வது லாபம். பேட்டரியில் 20 சதவீதத்தை எப்போதும் மிச்சம் வைப்பது நல்லது. ஆப்பில் பச்சையாகத் தெரியும் சார்ஜர் நேரில் செத்துக் கிடக்கலாம், அல்லது முன்னால் இரண்டு கார் காத்திருக்கலாம். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு ஆப், ஒரு வாலட் என்பதால் கிளம்பும் முன்பே எல்லாவற்றிலும் கொஞ்சம் பணம் போட்டு வைப்பதும் பயண ஏற்பாட்டில் சேர்ந்துவிட்டது.

கார்களுக்கு இந்தியாவில் இன்று சிசிஎஸ்-2 என்ற ஒரே வகைக் கன் நிலைத்துவிட்டதால் பாதித் தலைவலி தீர்ந்தது. ஸ்கூட்டர்கள் இன்னும் ஆளுக்கொரு பிளக்கோடுதான் ஓடுகின்றன. ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஏத்தர் நிறுவனம் வடிவமைத்த பிளக்கை 2023-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் தேசியத் தரமாக ஏற்றது. ஹீரோவின் விடா ஸ்கூட்டர்கள் அதையே பயன்படுத்துகின்றன. எல்லாரும் இன்னும் அதற்கு மாறவில்லை.

கழற்றி மாற்றும் வழி

ஆட்டோ ஓட்டுநரின் நிலைமை வேறு. ஒரு மின்ஆட்டோவின் பேட்டரி 7, 8 யூனிட். நாள் முழுக்க ஓடினால் அது மாலைக்குள் தீர்ந்துவிடும். நடுவில் நான்கு மணி நேரம் சாக்கெட்டில் போட்டால் அன்றைய சவாரியில் பெரும்பகுதி போச்சு. இரவில் அவர் வண்டியை நிறுத்துவது தெருவோரம், அங்கே சாக்கெட் ஏது? தில்லியின் இ-ரிக்‌ஷாக்காரர்கள் பல ஆண்டுகளாக நான்கு காரீய-அமில பேட்டரிகளை எட்டு, பத்து மணி நேரம் சார்ஜ் போட்டு ஓட்டிவந்தார்கள். அந்த பேட்டரிகள் ஓராண்டு தாக்குப்பிடிப்பதே பெரிய விஷயம். 2019-இல் தொடங்கப்பட்ட ‘பேட்டரி ஸ்மார்ட்’ போன்ற நிறுவனங்கள் முதலில் குறிவைத்தது இவர்களைத்தான். தெருமுனைக் கடை ஒன்றில் லித்தியம் பேட்டரிகள் வரிசையாக சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். ஓட்டுநர் சீட்டைத் தூக்கித் தீர்ந்ததைக் கொடுத்து நிறைந்ததை வாங்கி மாட்டிக்கொண்டு இரண்டு நிமிடத்தில் சாலைக்குத் திரும்புவார்.

தைவானில் கோகோரோ நிறுவனம் 2015 முதல் ஸ்கூட்டர்களுக்கு இதையே பெரிய அளவில் செய்துகாட்டியது. 10 கிலோ அளவுள்ள பேட்டரி, மேலே கைப்பிடி. அதைத் தேன்கூடு போன்ற அலமாரியின் காலி அறைக்குள் தள்ளினால், அடியிலுள்ள முனைகள் பொருந்தி பேட்டரி தன் எண், வெப்பநிலை, மிச்சம் இருக்கும் சார்ஜ் எல்லாவற்றையும் நிலையத்திடம் ஒப்பிக்கும். யாருடைய கணக்கு, எவ்வளவு ஓடியது என்று பார்த்துவிட்டு, சார்ஜ் ஏறிய இன்னொன்றை நிலையம் வெளியே தள்ளும். இப்படி 2,500-க்கும் மேற்பட்ட நிலையங்கள் அங்கே இருக்கின்றன. யமஹா உள்ளிட்ட வேறு நிறுவனங்களும் அதே பேட்டரிக்கு ஏற்ற ஸ்கூட்டர்களைச் செய்தன.

மின்வாரியத்தின் பார்வையிலும் ஸ்வாப் நிலையம் நல்ல வாடிக்கையாளர். ஒரு தெருவுக்கு 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால், மூன்று 30 கிலோவாட் சார்ஜர்கள் ஒரே நேரத்தில் இயங்கினாலே அது திணறும். ஸ்வாப் நிலையத்துக்கு அந்த அவசரம் கிடையாது. வண்டி போன பிறகு பேட்டரியை நிதானமாக, நிழலில், ஏசி அறையில் ஏற்றலாம். நிதானமாக ஏற்றினால் ஆயுளும் கூடும். சூரிய மின்சாரம் மிகுந்திருக்கும் நண்பகலில் நிறைத்து, எல்லா வீடுகளும் விளக்குப் போடும் மாலையில் ஓய்ந்திருக்கலாம்.

கார்களில்தான் இந்த வழி பலமுறை சறுக்கியது. 2007-இல் ஷாய் அகாசி தொடங்கிய ‘பெட்டர் பிளேஸ்’ நிறுவனம் சுமார் 85 கோடி டாலர் முதலீடு திரட்டி, இஸ்ரேலிலும் டென்மார்க்கிலும் தானியங்கி ஸ்வாப் நிலையங்களை நிறுவியது. நிலையங்கள் சொன்னபடியே வேலை செய்தன. ஆனால், ரெனோவின் ஃப்ளூயன்ஸ் கார் ஒன்றைத் தவிர வேறெந்தக் காருக்கும் அவை பொருந்தவில்லை. 2013 மே மாதம் நிறுவனம் திவாலானது. டெஸ்லா அடுத்த மாதமே 90 விநாடியில் பேட்டரி மாற்றிக் காட்டியது. ஒரேயொரு சோதனை நிலையத்துக்கு மேல் அதுவும் போகவில்லை. கார் பேட்டரி பல நூறு கிலோ எடை. கையால் தூக்க முடியாது, அடியில் புகுந்து கழற்றும் இயந்திரம் வேண்டும், குளிர்விக்கும் திரவக் குழாய்களைக் கசியாமல் பிரித்துச் சேர்க்க வேண்டும். பேட்டரியையே காரின் சட்டகத்தின் பகுதியாக்கும் புதிய வடிவமைப்புகள் வந்த பிறகு கழற்றுவது இன்னும் கடினமாகிவிட்டது. இத்தனையையும் மீறிச் சீனாவின் நியோ நிறுவனம் 3,000-க்கும் மேற்பட்ட கார் ஸ்வாப் நிலையங்களை நடத்துகிறது. மூன்று நிமிடத்தில் வேலை முடிகிறது. 2024 கணக்குவரை நிறுவனம் லாபத்தைப் பார்த்ததில்லை.

யாருடைய பேட்டரி?

காலி சிலிண்டரைக் கொடுத்து நிறைந்ததை வாங்குவதுபோல் இதுவும் நடக்கும் என்று ஸ்வாப் நிறுவனங்கள் விளக்குவது வழக்கம். பாதிவரை அது சரி. 14.2 கிலோ சிலிண்டர் எந்த வீட்டிலிருந்து வந்தாலும் அதே கேஸ், அதே சூடு. பேட்டரி அப்படியல்ல. ஒவ்வொரு முறை நிறைந்து காலியாகும்போதும் அதற்குக் கொஞ்சம் வயதாகிறது. புதிதாக வாங்கிய பேட்டரியோடு நிலையத்துக்குப் போகும் ஒருவர், 70 சதவீதம் கொள்ளளவே மிச்சமுள்ள பேட்டரியோடு திரும்பலாம். வண்டி 100 கிலோமீட்டருக்குப் பதில் 70-இல் நின்றால் யாரைக் கேட்பது?

அதனால் பேட்டரி வண்டிக்காரருடையதாக இருக்கும்வரை ஸ்வாப்பிங் நடக்காது. நிலையத்தை நடத்துபவருடையதாக இருக்க வேண்டும், வண்டிக்காரர் ஓடிய கிலோமீட்டருக்கோ எடுத்த யூனிட்டுக்கோ மட்டும் பணம் கட்ட வேண்டும். இது புது யோசனையும் இல்லை. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு மின்நிறுவனம் 1910 முதல் 1924 வரை இதே முறையில் மின்லாரிகளை ஓட்டியது. லாரியை பேட்டரி இல்லாமல் வாங்கலாம், பேட்டரி நிறுவனத்துடையது, மைலுக்கு இவ்வளவு என்று கட்டணம். அந்த லாரிகள் மொத்தம் 60 லட்சம் மைலுக்கு மேல் ஓடின. இந்தியாவில் பேட்டரி இல்லாமலே மின்வண்டியை விற்கவும் பதிவுசெய்யவும் 2020 ஆகஸ்டில் மத்திய அரசு அனுமதி தந்தது. வண்டி விலை சட்டென்று இறங்கும், பேட்டரி பழுதாகும் கவலை வாங்கியவருக்கு இருக்காது.

சுமை இடம் மாறுகிறதே தவிரக் கரைவதில்லை. மணிக்குப் பத்து வண்டி வரும் நிலையத்தில், ஒரு பேட்டரி ஏற இரண்டு மணி நேரம் ஆனால், வண்டிகளில் இருப்பவை போகக் குறைந்தது இருபது பேட்டரிகள் அலமாரியில் இருக்க வேண்டும். அத்தனைக்கும் முதல் போட்டவர் நிலையக்காரர். மின்வண்டிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், பேட்டரியைத் தனியாக வாங்கினால் 18 சதவீதம் என்ற வரி வேறுபாடும் அவர் தலையில்தான் விழுகிறது. எல்லா நிறுவன வண்டிகளும் ஒரே பேட்டரியை ஏற்றால் நிலையத்துக்குக் கூட்டம் வரும், முதலும் திரும்பும். 2022 ஏப்ரலில் நிதி ஆயோக் வெளியிட்ட ஸ்வாப்பிங் கொள்கை வரைவு, ஒன்றின் பேட்டரி இன்னொன்றில் பொருந்த வேண்டும் என்ற திசையில் தள்ளிப் பார்த்தது. பேட்டரிதான் எங்கள் தொழில்நுட்பமே, அதை ஒரே அச்சில் வார்த்தால் போட்டி எங்கே, தீப்பிடித்தால் பொறுப்பு யாருடையது என்று உற்பத்தியாளர்கள் கேட்டார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. முடிச்சு அவிழாததால் ஒவ்வொரு ஸ்வாப் நிறுவனமும் தன் வேலிக்குள் தன் பேட்டரியைச் சுற்றவிடுகிறது. 2024 நவம்பரில் ஹோண்டா அறிமுகம் செய்த ஆக்டிவா-இ ஸ்கூட்டரில் 1.5 யூனிட் பேட்டரிகள் இரண்டு. வீட்டில் சார்ஜ் போட வழி கிடையாது. ஹோண்டாவின் நிலையம் இல்லாத ஊருக்கு அந்த வண்டியால் குடிபெயர முடியாது.

நிற்கும் இடத்தில் மின்சாரம்

வாங்குகிறவர் ஷோரூமில் கேட்க வேண்டிய கேள்விகள் இவற்றிலிருந்தே கிடைக்கும். என் வண்டி இரவில் எங்கே நிற்கிறது, அங்கே எனக்கென்று மீட்டரோடு ஒரு சாக்கெட் உண்டா? ஒரு நாளில் அது எத்தனை மணி நேரம் ஓடாமல் நிற்கிறது? பேட்டரி யார் பெயரில், எத்தனை சதவீதம் வரை தேய்ந்தால் மாற்றித் தருவார்கள்? சாக்கெட் இருக்கிறவருக்கு ஸ்வாப்பிங் தேவையில்லை. உணவு டெலிவரி செய்கிறவருக்கும் ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் அது சம்பாத்தியத்தைக் காப்பாற்றும். இரண்டுக்கும் நடுவே நிற்பவர் அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில் குடியிருப்பவர். கீழே பிளக் வைக்கச் சங்கம் ஒப்புக்கொள்ளாவிட்டால், 10 கிலோ பேட்டரியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு படியேறும் வகை ஸ்கூட்டரைத்தான் அவர் பார்க்க வேண்டும்.

பொதுப்பணத்தைச் செலவிடுகிறவர்களுக்கும் இதே கணக்குதான். வேகச் சார்ஜரைத் திறந்துவைத்தால் போட்டோ நன்றாக வரும், நெடுஞ்சாலைக்கு அது வேண்டியதும்கூட. ஊருக்குள் தேவை வேறு. தாம்பரத்திலும் காட்பாடியிலும் ஈரோட்டிலும் ரயில் நிலையத்து இருசக்கர நிறுத்தங்களில் காலையில் விட்ட வண்டி மாலைவரை நிற்கிறது. பத்து மணி நேரம் நிற்கும் ஸ்கூட்டருக்கு எந்த வேகமும் தேவையில்லை, 750 வாட் போதும். ஒரு காருக்கு 30 கிலோவாட் கொடுக்கும் அதே இணைப்பிலிருந்து நாற்பது ஸ்கூட்டர்களுக்கு ஒரே நேரத்தில் சார்ஜ் போடலாம், அதுவும் சூரிய மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் பகல் பொழுதில். நாற்பது சாக்கெட், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு மீட்டர், மேலே ஒரு கூரை. தமிழ்நாட்டுச் சாலைகளில் கார்களைவிட இருசக்கர வண்டிகளே பல மடங்கு அதிகம் என்பதால், முதல் ரூபாயை இங்கே போடுவதுதான் சரி.